பம்பலுக்கு எண்டு சொல்லு

விசாரணைக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை காலை, நாகேந்திரம் சிவபாலனைத் தேடி வெள்ளவத்தையில் அவன் தங்கியிருந்த லொட்ஜுக்குப் போனார். காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கையில் மூன்று மாடிக் கட்டடம். உள்ளே இருந்த அத்தனை பேரும் எங்கோ போவதற்குக் காத்திருந்தவர்கள். லண்டன், பாரிஸ், ரொறன்ரோ. வன்னியில் இராணுவத்தின் ஜெயசிக்குறு நடவடிக்கை நடந்துகொண்டிருந்த காலம். கொழும்பில் தமிழ் இளைஞர்கள் வெளியே போவதைக் குறைத்து, அறைகளுக்குள் கடதாசிச் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

சிவபாலனுடைய அறையில் இருந்த தியாகராசா, லண்டன் விசாவுக்காக இரண்டாவது வருடமாகக் காத்திருப்பவன், கதவைத் திறந்தான்.

"வாங்கோ அங்கிள். ஒலிம்பிக்குக்குக் கூட்டிக்கொண்டு போக வந்தனீங்களோ? இவன் எங்கடை பாத்ரூம் கியூவிலையே கடைசியாத்தான் வாறவன்."

சிவபாலன் சிரிக்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தவன் எழுந்து சேட்டைப் போட்டுக்கொண்டு வந்தான். ஐயாயிரம் மீற்றர் ஓடுபவனுக்குரிய மெலிந்த உடம்பு. கண்ணுக்குக் கீழே கறுத்துக் கிடந்தது.

நாகேந்திரம் கோட்டையில் ஒரு கப்பல் கம்பனியின் பிரதம கிளார்க். கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதியில், ஒரு ஹாட்வெயார் கடைக்கு மேலே இயங்கிய மெய்வல்லுநர் கழகத்துக்கு நெடுங்காலமாகச் செயலாளர். இடம்பெயர்ந்து வந்த சிவபாலனை, கடற்கரையில் தனியாக ஓடிக்கொண்டிருக்கக் கண்டு கழகத்துக்குக் கூட்டிப்போனவர் அவர்தான். இந்த முறை தேசியத் தெரிவுப் போட்டியில் அவன் இரண்டாவதாக வந்தான். ஓட்டம் முடிந்ததும் எடுத்த சிறுநீரில் கஞ்சா இருந்தது. முதல் தடவை என்பதால், கழகமே விசாரித்து முடிவு சொல்லட்டும் என்று தேசிய மெய்வல்லுநர் சங்கம் விட்டிருந்தது. இரண்டு வழி இருந்தது. இரண்டு வருடம் நிறுத்தி வைக்கலாம். அல்லது, நோயினால்தான் எடுத்தான் என்று ஒரு வைத்தியர் சொன்னால், சிகிச்சைக்கு அனுப்பிவிட்டுத் தொடர்ந்து ஓட விடலாம்.

சைவக்கடையொன்றின் பின்மேசையில் இருவரும் உட்கார்ந்தார்கள். தேத்தண்ணி வந்தது.

"இப்ப சொல்லு தம்பி. ஏன் எடுத்தனி?"

அவன் கோப்பையைச் சுழற்றிக்கொண்டிருந்தான்.

"போன வருசம் சுகததாசா ஸ்டேடியத்திலை நான் விழுந்தது ஞாபகமிருக்கோ அங்கிள்?"

ஞாபகம் இருந்தது. ஓட்டத்தைத் தொடக்கி வைக்கும் துப்பாக்கி வெடித்ததும் மற்றவர்கள் பாய்ந்தார்கள். இவன் மட்டும் பாதையில் குப்புறப் படுத்து, இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டான். பார்வையாளர் பகுதியில் சிரிப்பு எழுந்தது. தசைப்பிடிப்பு என்று நாகேந்திரம் எல்லாருக்கும் சொல்லிச் சமாளித்திருந்தார்.

"அந்த வெடிச் சத்தம்தான். அது கேட்டா நான் ரோட்டிலை நிக்கிற மாதிரித்தான் இருக்கும். சனத்தோடை சனமா யாழ்ப்பாணத்தாலை வெளிக்கிட்டு வந்தது... அண்ணாவும் நானும் ஒண்டா ஓடினம். ஷெல் விழ விழ ஓடினம்." அவன் நிறுத்தினான். "நான் கெதியா ஓடுவன். அவர் ஓடமாட்டார். அது எனக்குத் தெரியும்தானே அங்கிள். தெரிஞ்சுகொண்டுதான் ஓடினனான்."

பக்கத்து மேசையில் யாரோ இடியப்பத்துக்குச் சொதி கேட்டார்கள். நாகேந்திரம் குரலைத் தாழ்த்தினார்.

"அதுக்கு இது உதவுமே?"

"நித்திரை வரும். சத்தம் தூரத்திலை கேக்கிற மாதிரி இருக்கும். அவ்வளவுதான்."

கழகத் தலைவர் மஷூர் ஹாஜியாருடைய தங்கையின் மகள் ஸமீமா, அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றில் மனநல வைத்தியர். பையனை ஒருமுறை கூட்டி வாருங்கள் என்று அவள் இரண்டு தரம் சொல்லியனுப்பியிருந்தாள். அதைச் சொல்லத்தான் நாகேந்திரம் வந்திருந்தார். ஆனால், சொல்லும் இடத்துக்கு வந்ததும் வேறொன்று முன்னால் வந்து நின்றது. சிவபாலனுடைய அக்கா நேசமலர் ரொறன்ரோவில் இருந்தாள். அவனுக்கு அங்கே ஒரு பெண் பொருந்தியிருந்தது. பெண் வீட்டார் ஸ்பொன்சர் பண்ணத் தயார். அதற்கு மெடிக்கல் என்கிற மருத்துவச் சோதனை எடுக்க வேண்டும். நாகேந்திரம் வெள்ளவத்தையில் குடியிருந்த ஃபிளாட் கட்டடத்திலேயே ஒரு பெண்ணுக்கு, நரம்புத் தளர்ச்சிக்குக் கிளினிக் போன கதை தெரியவந்து கனடா மறுத்துவிட்டது என்று பேச்சு. அதை யாரும் கடிதத்தில் கண்டதில்லை. ஆனாலும் வெள்ளவத்தை முழுக்க நம்பியது. பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால்கூட ஆஸ்பத்திரியில் பெயர் பதிந்து கிளினிக் கொப்பி போடாமல் தனியார் டொக்டரிடம் காசு கொடுத்துக் காட்டும் வீடுகள் இருந்தன.

"தம்பி, விளையாட்டிலை நிப்பாட்டினால் ரெண்டு வருசம். அது முடிஞ்சு போயிடும். மண்டைக்கு வருத்தமெண்டு ஒருக்கால் பதிஞ்சால் அது முடியாது. மெடிக்கல் போச்சு, கலியாணம் போச்சு. விளங்குதோ?"

"அப்ப நான் என்ன சொல்லுறது?"

"சிநேகிதரோடை சேந்து பம்பலுக்கு அடிச்சனான் எண்டு சொல்லு, சும்மா ஒரு விளையாட்டுக்கு. அண்ணான்ரை கதை ஒண்டும் எடுக்காதை. நித்திரை வாறதில்லை எண்டும் சொல்லாதை."

"எனக்கு ஆர் அங்கிள் சிநேகிதர்?" என்றான் அவன். அது நகைச்சுவையாகச் சொன்னதா என்று நாகேந்திரத்துக்குப் புரியவில்லை.

"ஆரெண்டு அங்கை ஒருத்தரும் கேக்கப்போறேல்லை."

செவ்வாய்க்கிழமை மாலை கழகத்தில் கூடினார்கள். மஷூர் ஹாஜியார் ஒருகொடவத்தையில் தனது கொண்டெய்னர் யார்ட்டை மூடிவிட்டு, சேட்டில் எண்ணெய்க் கறையோடு நேரே வந்திருந்தார். ஸமீமாவும் வந்து ஓரத்தில் இருந்தாள். கீழே கடையில் யாரோ தகரம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கிரீச்சென்ற சத்தம் ஒவ்வொரு முறை எழும்போதும் சிவபாலனுடைய கழுத்து இறுகுவதை நாகேந்திரம் கண்டார். ஸமீமாவும் கண்டிருப்பாள் என்றே தோன்றியது.

"என்னா மகன், செல்லு," என்றார் ஹாஜியார். "ஒனக்கு இந்தக் கழகம் என்னா கொற வெச்சிச்சி?"

"சிநேகிதரோடை சேந்து பம்பலுக்கு அடிச்சனான், சேர்."

"பம்பலுக்கா?"

"ஓம் சேர்."

ஸமீமா கதிரையை முன்னால் இழுத்தாள். "தம்பி, ராவைக்கு நல்லாத் தூங்குறீங்களா?"

அவன் நாகேந்திரத்தைப் பார்த்தான். நாகேந்திரம் எதிரில் கிடந்த பேனையைப் பார்த்தார்.

"நல்லாத் தூங்குவன், டொக்டர்."

"கனவு ஒண்டும் வாறயில்லையா? திடீரெண்டு சத்தம் கேட்டா எப்பிடி?"

"ஒண்டுமில்லை, டொக்டர்."

"மாமா, இவரோட தனியாக் கொஞ்சம் பேசணும்," என்றாள் ஸமீமா. "இவர் சொல்றது எனக்குச் சரியாப் படயில்ல."

இந்த இடத்தில் நாகேந்திரம் வாயைத் திறக்காமல் இருந்திருந்தாலே போதும். அவர் திறந்தார். "தேவையில்லை டொக்டர். பெடியன் ஒளிக்காமல் ஒத்துக்கொள்ளுறான்தானே. அதை ஏன் பிறகு வைத்தியமாக்கிப் பெருப்பிப்பான்?"

ஹாஜியாருக்கு அது போதுமாக இருந்தது. "பைத்தியமெண்டா மருந்து ஈக்கி மகள். கொழுப்புக்கு என்னா மருந்து? ரெண்டு வருசம் வீட்டுல நிண்டா எறங்கும்."

ஸமீமா எழுந்து கைப்பையை எடுத்துக்கொண்டாள். படி இறங்கும்போது நாகேந்திரத்திடம் மட்டும் கேட்கும்படி, "நீங்க அவருக்கு வேண்டியவர்தானே, சேர்?" என்று கேட்டாள். அவர், "அதாலைதான்," என்றார்.

நிறுத்தப்பட்டவர் கழக அட்டையை மேசையில் வைத்துவிட்டுப் போக வேண்டும் என்பது பழைய விதி. வேறு காலத்தில் அது வெறும் அட்டை. இப்போது அப்படியல்ல. காலையில் தெருவில் ஓடும் தமிழ்ப் பையன் எதையோ செய்துவிட்டு ஓடுகிறான் என்றுதான் காவலில் நிற்பவனுக்குத் தோன்றும். அதற்காகவே நாகேந்திரம், இவர் பயிற்சியில் இருக்கும் விளையாட்டு வீரர் என்று சிங்களத்தில் பெரிதாக அச்சடித்து, படம் ஒட்டி, தலைவர் கையெழுத்தோடு அந்த அட்டையைச் செய்வித்திருந்தார். வெள்ளவத்தை ரயில் பாதையோரம் நிற்கும் சிப்பாய்கள் அதைப் பார்த்துப் பார்த்துப் பழகி, பின்னர் அவனுக்குக் கை காட்டத் தொடங்கியிருந்தார்கள். விதியின்படி அட்டையை வாங்கியவரும் நாகேந்திரம்தான். அவன் சேட்டுப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தபோது அது உடம்புச் சூட்டோடு இருந்தது.

"காலமை ஓடாமல் இரு, என்ன?" என்றார்.

"ஓம் அங்கிள்."

155 பஸ்ஸில் இருவரும் ஒன்றாகத்தான் வெள்ளவத்தைக்குத் திரும்பினார்கள். அவன் யன்னல் பக்கம் இருந்தான். ஆமர் வீதிச் சந்தியில் இறக்கிச் சோதித்தார்கள். அவன் அடையாள அட்டையை மட்டும் நீட்டினான். வழக்கமாக அதற்கு மேலே கழக அட்டையை வைத்து நீட்டுபவன். சிப்பாய் யாழ்ப்பாண விலாசத்தை நெடுநேரம் வாசித்தான்.

வீட்டில் மனைவி கௌரி, "எப்பிடி முடிஞ்சுது?" என்று கேட்டாள்.

"சுகமா முடிஞ்சுது. ஒண்டும் பதிவில்லை."

"பாவம், ஓட்டமெல்லே அவனுக்கு எல்லாம்."

"ஓட்டம் எங்கை போகுது? அங்கை பனிக்குள்ளை ஓடட்டும்."

சொன்னதை அவர் நம்பினார். ஆனால், அந்தக் கிழமை முழுவதும் காலையில் பால் வாங்கப் போகும்போது, கடற்பக்க ஒழுங்கைகளைப் பார்க்காமல் நடந்தார். அடுத்த கிழமை ஒருநாள் தவறிப் பார்த்துவிட்டார். சிவபாலன் லொட்ஜ் வாசலில், ஓட்டச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வெறுமனே நின்றுகொண்டிருந்தான். கூப்பிட்டிருக்கலாம். பால் பக்கெற்றைக் காட்டி, அவசரம்போலக் கை அசைத்துவிட்டு வந்தார்.

தியாகராசா ஒரு வியாழக்கிழமை காலை நாகேந்திரத்தின் கதவைத் தட்டினான். முகத்தில் பகிடி இல்லை.

"அங்கிள், பாலனைப் பிடிச்சுப் போட்டாங்கள். விடியப் படுக்கேலாமல் ஓடப் போனவன். ஆரோ ரயில் தண்டவாளத்திலை பட்டாசு வைச்சிருக்கிறாங்கள், கலியாண வீடோ என்னவோ. உவன் போய் ஆமிச் சென்றிக்கு முன்னாலை குப்புற விழுந்திட்டான். எழுப்பிப் பாத்தா பொக்கற்றுக்குள்ளை கஞ்சாச் சரையொண்டு."

பொலிஸ் நிலையத்தில் நாகேந்திரத்துக்குச் சிங்களம் கைகொடுத்தது. கம்பனியில் சுங்கத்தாரோடு பேசிப் பழகிய சிங்களம். சப் இன்ஸ்பெக்டர் நடுத்தர வயதுக்காரர். கத்தவில்லை, அடிக்கவில்லை. இருக்கச் சொன்னார்.

"கஞ்சா சின்னப் பிரச்சினை, மாத்தயா," என்றார். "நீதிமன்றத்துக்குப் போனால் தண்டம். அதைவிட இவன் சொல்லுகிற கதைதான் எனக்குப் பிரச்சினை. சிநேகிதர்களோடு சேர்ந்து பழகியதாம். யாளுவோ கவுத? சிநேகிதர்கள் யார் என்று கேட்கிறேன். ஒரு பெயர்கூட வராது. லொட்ஜில் கேட்டால் இவன் யாரோடும் கதைப்பதே இல்லை என்கிறார்கள். அப்படியானால் யாரை மறைக்கிறான்? நாளைக்குள் பெயர் வராவிட்டால் நான் மேலே, பயங்கரவாத விசாரணைக்கு, அனுப்பத்தான் வேண்டும். அதற்குப் பிறகு என் கையில் இல்லை."

பின்னால் வாங்கில் சிவபாலன் இருந்தான். நெற்றியில் தண்டவாளக் கல் கிழித்த காயம். சப் இன்ஸ்பெக்டர் இன்னொரு தடவை கேட்டார். நாகேந்திரம் தமிழில் சொன்னார்.

"சிநேகிதரோடை பம்பலுக்கு அடிச்சனான்," என்றான் சிவபாலன். பாடம் ஒப்புவிக்கும் குரல். அவரைப் பார்த்துத்தான் சொன்னான். சரியாகச் சொல்கிறேனா என்று கேட்பதுபோல ஒரு பார்வை.

சப் இன்ஸ்பெக்டர் நாகேந்திரத்திடம் திரும்பினார். "லெடெக்த? நோயாளியா? விழுந்து கிடந்த விதத்தைப் பார்த்த சிப்பாய்க்கு அப்படித் தோன்றியிருக்கிறது. அப்படியென்றால் கிளினிக் கொப்பியைக் கொண்டு வாருங்கள். வேறு கதை."

கிளினிக் கொப்பி இல்லை. இல்லாமல் பார்த்துக்கொண்டவர் அவர்தான். அந்தப் பொய்யை நான்தான் சொல்லிக் கொடுத்தேன் என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். வாக்கியம் சிங்களத்தில் முழுதாக நாவில் வந்து நின்றது. வடக்கிலிருந்து வந்த பையனுக்கு வாக்குமூலம் சொல்லிக் கொடுத்த கொழும்புத் தமிழன் என்று தனது பெயரும் அந்த மேசைக்கு வரும் என்பதும் கூடவே வந்து நின்றது. விசாரித்துக்கொண்டு வருகிறேன் என்று சொல்லி எழுந்தார். வெளியே வந்து காலி வீதியைக் கடந்தார்.

கௌரி முழுக் கதையையும் கேட்டாள். சோற்றுக்கோப்பையைக் கொண்டுவந்து வைத்தாள். பிறகு திரும்பவும் அதைத் தூக்கினாள்.

"அப்ப சொல்லாமல் வந்திட்டீங்கள்."

"என்னெண்டு சொல்லுறது? நாளைக்கு இஞ்சையும் வருவாங்கள்."

"வரட்டும். அவன் நீங்கள் சொன்னதைத்தானே சொல்லிக்கொண்டு இருக்கிறான். நீங்கள் வேறை ஒண்டும் சொல்லிக் குடுக்காத வரைக்கும் அதைத்தான் சொல்லிக்கொண்டு இருப்பான்."

அன்று பின்னேரமே அவர் தெமட்டகொடையில் ஸமீமாவின் வீட்டுக்குப் போனார். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். துப்பாக்கிச் சத்தம், அண்ணன், லொட்ஜ், சைவக்கடை, பம்பல். கடைசியாகக் கனடா மெடிக்கல் கதையைச் சொன்னார். அங்கேதான் அவள் தலையை நிமிர்த்தினாள்.

"யார் சேர் சொன்னது?"

"எல்லாரும் சொல்லுறது."

"நான் பார்க்கிற ஆக்கள் எத்தினையோ பேர் கனடாவுக்குப் போய் ஈக்கிறாங்க. தூக்கமில்லையெண்டு மருந்து எடுத்தவங்கள அவங்க மறிக்கிறதில்ல. அவங்க கேக்கிறது பொலிஸ் றிப்போட். கஞ்சாவுக்குக் கோட்டுல தண்டம் கட்டினா அது அதுல வரும்." அவள் குரல் உயரவில்லை. "நீங்க மெடிக்கலக் காப்பாத்தப் போய் மத்தத நாசமாக்கிட்டீங்க."

அவளுடைய உம்மா கொண்டுவந்து வைத்த பிளேன்ரீ ஆறும்வரை அவர் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை ஸமீமாவும் கூட வந்தாள். இம்முறை நாகேந்திரம் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். சிநேகிதர்கள் என்று யாரும் இல்லை, மாத்தயா. அந்தக் கதையை நான்தான் கட்டினேன், கழக விசாரணைக்காக. அவனுக்கு நோய். எனக்கு அது முதலே தெரியும்.

சப் இன்ஸ்பெக்டர் பேனையை மூடினார். "ஏன் கட்டினீர்கள்?"

"அவனுடைய நன்மைக்கு என்று நினைத்தேன்."

"நேற்று இதே கதிரையில் இருந்தீர்கள்."

"ஓம்," என்று தமிழிலேயே வந்துவிட்டது.

சப் இன்ஸ்பெக்டர் கதிரையைக் காட்டினார். அவருடைய அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு, தனியாக ஒரு வாக்குமூலம் எழுதுவித்தார். ஸமீமா பின்வாங்கில் சிவபாலனுக்குப் பக்கத்தில் போய் இருந்து, மெல்ல ஏதோ கேட்டாள். அவன் முதலில் நாகேந்திரம் இருந்த பக்கம் திரும்பினான். அவர் தலையாட்டினார். அதற்குப் பிறகுதான் அவன் அவளிடம் கதைக்கத் தொடங்கினான். கதைத்துக்கொண்டே இருந்தான். சப் இன்ஸ்பெக்டருக்குத் தமிழ் விளங்காது. ஆனாலும், எழுதுவதை நிறுத்திவிட்டு அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேலிடத்துக்கு அனுப்பவில்லை. கஞ்சா வழக்கை மட்டும் விடவும் இல்லை. கைப்பற்றியதை எழுதிவிட்டோம், இனி அழிக்க முடியாது என்றார். நீதிமன்றத்தில் சிவபாலன் குற்றத்தை ஒப்புக்கொண்டான், தண்டம் கட்டப்பட்டது, வெளியே விட்டார்கள். மஷூர் ஹாஜியார் விடயத்தைக் கேட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்தார். "மருமகள் அண்டைக்கே செல்லிச்சே," என்றார். தனது கார் சாரதியை அனுப்பி நாகேந்திரத்தைக் கூட்டிக்கொண்டு சங்கத்துக்கே போனார். நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகு தடையைச் சிகிச்சையாக மாற்ற முடியாது என்று அங்கே சொல்லிவிட்டார்கள். அவர்கள் பிழையாகச் சொல்லவில்லை. பிந்திப் போனவர்கள் இவர்கள்தான்.

சிவபாலன் இப்போது நாகேந்திரத்தின் வீட்டு முன் அறையில் இருந்தான். பொலிஸில் அவனைத் தங்கள் வீட்டு ஆளாகப் பதிய கௌரியே போய்விட்டு வந்தாள். வியாழன்தோறும் ஸமீமாவின் கிளினிக். மருந்து அவனை மந்தமாக்கியது. பகலிலும் நித்திரை கொண்டான். ஸமீமா, முதல் மாதம் அப்படித்தான் இருக்கும், பிறகு குறைப்பேன், ஓட வைப்பதும் என் பொறுப்பு என்று சொல்லியிருந்தாள். அவன் அதை நம்பினானா தெரியாது. கிளினிக் வாங்கில் காத்திருக்கும்போது ஒருநாள், நாகேந்திரம் கேட்காமலே, "உங்களிலை கோவமில்லை அங்கிள். நீங்கள் நல்லதுக்குத்தானே சொன்னனீங்கள்," என்றான். கோபித்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும்.

நேசமலருக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. அவள் இரண்டு தரம் வீட்டுக்குப் போன் எடுத்தபோதும் கௌரி, தம்பி வெளியே போய்விட்டான் என்று சமாளித்தாள். மூன்றாவது முறை சமாளிக்க மாட்டேன் என்று கணவனிடம் சொல்லிவிட்டாள். சனிக்கிழமை பின்னேரம் நாகேந்திரம் காலி வீதியில், காசு கட்டிப் போன் எடுக்கும் கொமியூனிகேஷனுக்குப் போனார். கண்ணாடிக் கூடுகளுக்குள் ஆட்கள் வெளிநாட்டுக்குக் கத்திக்கொண்டிருந்தார்கள். கூட்டைச் சாத்தினாலும் பக்கத்துக் கூட்டுப் பெண் தன் மகனிடம் சாப்பிட்டியா என்று கேட்பது கேட்டது. ரொறன்ரோவில் அப்போதுதான் காலை.

"அங்கிளோ! நானே எடுக்க இருந்தன். பொம்பிளை வீட்டுக்காரர் பேப்பர் எல்லாம் ரெடி எண்டு சொல்லிப்போட்டினம். உவன் எங்கை, போனிலையும் பிடிபடுறானில்லை? இன்னும் ஓடிக்கொண்டே திரியிறான்?"

"வீட்டிலைதான் இருக்கிறான், பிள்ளை."

"நல்லாச் சாப்பிடச் சொல்லுங்கோ. பொம்பிளை படத்தைப் பாத்திட்டு ஒல்லி எண்டவ." அவள் சிரித்தாள். பிறகு குரலைக் குறைத்தாள். "அங்கிள், ஒண்டு கேக்கோணும். மெடிக்கலுக்கு ஒரு பிழையும் வராதுதானே? அண்ணான்ரை விசயத்துக்குப் பிறகு அவன் ஒரு மாதிரி எண்டு எனக்குப் பயம். நீங்கள் பக்கத்திலை இருக்கிறபடியால்தான் நிம்மதி."

"மெடிக்கலுக்கு ஒண்டும் வராது," என்றார் நாகேந்திரம்.

"அப்பாடா. அது போதும் அங்கிள். வைக்கட்டே, காசு ஏறும் உங்களுக்கு."

அது பொய்யில்லை. அந்த உண்மையோடு ரிசீவரை வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். இன்னும் ஒரு மாதம், இரண்டு மாதம், பொலிஸ் றிப்போட் கேட்கும்வரைக்கும் யாருக்கும் எதுவும் தெரியாது. கண்ணாடிக்கு வெளியே அடுத்த ஆள் தன் முறைக்காக எட்டிப் பார்த்தான். நாகேந்திரம் அவனுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார்.

"வைக்காதை பிள்ளை," என்றார். "நான் ஒரு வேலை செய்துபோட்டன். அதைக் கேட்டிட்டு வை."